வாசிக்காமல் விட்ட 14 வசனங்கள்

2023 நவம்பர் 19, ஞாயிறு முதல் பூசை. முதலாம் வாசகம் நான்தான் வாசிச்சன். நீதிமொழிகள் 31ஆம் அதிகாரம், நல்ல மனைவியைப் பற்றிய பகுதி. நற்செய்தி தாலந்து உவமை. பாதர் பத்து நிமிசம் இளைஞர்களுக்குத் தாலந்தைப் பற்றிக் கதைச்சுப்போட்டு, கடைசி ரெண்டு நிமிசம் பெண்கள் இருக்கிற பக்கம் திரும்பினார். சண்டைக்காலத்தில எங்கட தாய்மார் குடும்பத்தைக் கட்டிக் காத்தவை, இப்ப சமாதானம் வந்தாப்பிறகு தாய் வேலைக்குப் போறா, பிள்ளை போனோட வளருது, பிறகு போதைப்பொருள் வந்திட்டுது எண்டு அழுறம் — இதுதான் சாரம். கன தலைகள் ஆமெண்டு ஆடினதை வாசக மேடைக்குப் பக்கத்தில இருந்து பார்த்தன்.

பூசை முடிஞ்சு வீட்ட வந்து, செருப்பைக் கழட்டிக்கொண்டே அம்மா சொன்னா: "சண்டைக்காலத்தில நான் எங்க போனனான் எண்டு பாதருக்குத் தெரியாதுபோல."

பாதர் நல்ல மனுசன். வயதும் என்னைவிட நாலைஞ்சுதான் கூட. அவர் சொன்னதை அவராகக் கண்டுபிடிக்கேல்லை; எங்கட ஊரில கோயிலிலும் கலியாண வீட்டிலும் பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவிலும் இதைத்தான் சொல்லுவினம். சண்டைக்குள்ள தாய் தெய்வம். சண்டைக்குப் பிறகு தாய் வேலைக்குப் போய்க் கெட்டுப்போனா. இந்தக் கதை பிழை என்பதுதான் என்னுடைய வாதம். எப்படிப் பிழை எண்டு சொல்ல எங்கட வீட்டில இருந்து தொடங்க வேணும்.

அப்பா மேசன் வேலை செய்தவர். 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வில் எல்லாரையும் போல எங்கட வீடும் தென்மராட்சிக்கு நடந்து, அடுத்த வருசம் திரும்பி வந்தது. நான் பிறந்தது அந்த வருசம்தான். அதற்கடுத்த வருசம், பழைய வளவைத் துப்புரவாக்கப் போன இடத்தில் அப்பா மிதிவெடியில் கால் வைத்தார். முழங்காலுக்குக் கீழே இல்லை. பிறகு ஜெய்ப்பூர் நிலையத்தில் கால் போட்டு நடந்தார். ஆனால் சாரத்தில் ஏறி நிண்டு கல் கட்ட ஏலாது. அம்மா மூண்டு மணிக்கு எழும்பி இடியப்பம் அவிச்சு, ஊரடங்கு எடுக்கிற நேரம் பார்த்துச் சைக்கிளில் கொண்டுபோய் ரெண்டு கடைக்குக் குடுத்திட்டு வருவா. எட்டு மணிக்குச் சங்கக்கடையில் நிற்க வேணும். பின்னேரம் வந்து தையல் மெசினில் குந்துவா. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைக்கு எங்கட குறிச்சியில அம்மாதான் தையல்காரி.

அப்ப வீட்டை ஆர் பாத்தது? அப்பாதான். தேங்காய் துருவினது, மீன் வெட்டினது, என்னைக் குளிப்பாட்டினது, உடுப்புத் தோய்ச்சது எல்லாம் அவர். அக்காவுக்கு ரெட்டைப் பின்னல் பின்னி, ரிபன் கட்டி, பள்ளிக்கூடம் அனுப்பினதும் அப்பாதான். மற்றப் பிள்ளையளின்ர பின்னலை விட நேராக இருக்கும். நூல் பிடிச்சுச் சுவர் கட்டின கை.

இது வெளியில ஆருக்கும் தெரியக்கூடாது. அப்படியெண்டு ஆரும் வாய்விட்டுச் சொன்னது கிடையாது. ஆனால் திருநாளுக்கு முன்னம் பாதர் வீடு சந்திக்க வருகிற நாள் வீட்டில ஒரு நாடகம் நடக்கும். அம்மா கடையில அரைநாள் லீவு சொல்லிப்போட்டு ஓடி வருவா. அப்பா சேட் போட்டு முன் விறாந்தைக் கதிரையில இருப்பார். துருவுபலகை கட்டிலுக்குக் கீழ போயிடும். பாதர் வந்து இருந்ததும் அம்மா குசினிக்குள்ள இருந்து தேத்தண்ணியோட வருவா. "தங்கச்சி வேலைக்குப் போறியளாம், வீட்டுக்குக் கரைச்சல் இல்லையோ?" எண்டு அப்பவிருந்த பாதர் ஒருமுறை கேட்டார். அம்மா சிரிச்சுக்கொண்டு, "இவர்தான் பாதர் எல்லாம் பாக்கிறார். நான் சும்மா கைச்செலவுக்கு ஒரு சின்ன வேலை" எண்டா.

கைச்செலவு! அஞ்சு வயிறு அந்தக் கைச்செலவில ஓடினது. அம்மம்மாவும் எங்களோடதான்.

அக்காவும் நானும் இந்த நாடகத்தைப் பற்றிப் பிறகு கன தரம் கதைச்சிருக்கிறம். அம்மா பொய் சொன்னது அப்பாவைக் காப்பாற்ற எண்டுதான் கனகாலம் நினைச்சன். இப்ப அப்படி மட்டும் தோன்றவில்லை. தன்னையும்தான் காப்பாற்றினா. புருசன் இருக்க உழைக்கப் போற பொம்பிளைக்குச் சண்டைக்காலத்திலும் ஒரு பார்வை இருந்தது. ஊர் அதைப் பொறுத்துக்கொண்டது, ஏனெண்டால் அதற்கு ஒரு காரணம் சொல்லலாம்: கஸ்ரம், கால் போன மனுசன், கடவுள் தந்த சிலுவை. அது வேலையாக அல்ல, தியாகமாகக் கணக்கில் எழுதப்பட்டது. தியாகத்துக்குச் சம்பளம் பற்றிக் கேட்க ஏலாது. நேரத்துக்கு வீட்ட போக வேணும் எண்டு முதலாளியோட வாதாட ஏலாது. தனக்கு அந்த வேலை பிடிச்சிருந்தது எண்டு சொல்லவே ஏலாது. அம்மாவுக்குச் சங்கக்கடை பிடிக்கும். கணக்குப் புத்தகத்தை அவ மூடுகிற விதத்திலேயே தெரியும்.

எங்கட சமூகம் அந்தக் காலத்தில் தாய்மாருக்கு ரெண்டு படங்களைத் தந்தது. ஒண்டு வீரத்தாய்: பிள்ளையைக் களத்துக்கு அனுப்பினவ. மற்றது கோயிலில ஏற்கெனவே இருந்த வியாகுல மாதா: பிள்ளையின்ர உடலை மடியில தாங்கினவ. ரெண்டு படத்திலும் தாயின் பெருமை பிள்ளையின்ர சாவிலிருந்து வருகுது. விடிய எழும்பி உலை வைச்சு, சோதனைச்சாவடியில இறங்கி நடந்து, பின்னேரம் கூப்பன் சாமானோட வாற தாய்க்கு ஒரு படமும் இல்லை. (எகிப்துக்கு இரவோடிரவாக இடம்பெயர்ந்து போன மரியாளும் யோசேப்பும் அங்க என்ன வேலை செய்து சாப்பிட்டவை எண்டு ஒரு மறையுரையிலும் நான் கேட்டதில்லை.)

இன்னொரு விசயம். "முந்தித் தாய்மார் வீட்டில இருந்தவை" எண்டு சொல்லுகிற ஆக்கள் எந்த வீடுகளைச் சொல்லினம்? பாசையூர், குருநகர், நாவாந்துறைப் பக்கம் மீன் விக்கிற பெண்கள் சண்டைக்கு எத்தினையோ தலைமுறை முன்னமே கடகத்தோட சந்தைக்குப் போனவை. தோட்டத்தில புகையிலைக்குத் தண்ணி இறைச்ச, வெங்காயம் கிண்டின பெண்கள் ஆர்? அவையும் தாய்மார். அவையும் கன பேர் கோயிலுக்கு வந்தவை, கடைசி வாங்கில இருந்தவை. வேலைக்குப் போற தாய் ஒரு பிரச்சினையாகத் தெரியத் தொடங்கினதே, நடுத்தர வீட்டுப் பெண், அதாவது முன்வாங்கில இருக்கிற பெண், வெளிக்கிட்ட பிறகுதான். சாதியும் வர்க்கமும் இந்தக் கவலைக்குள்ள ஒளிச்சிருக்கு.

அந்த நடுத்தரக் கிறிஸ்தவ இல்லத்தரசியும் ஆதிகாலத்திலிருந்து இருந்தவ இல்லை. 1824இல் அமெரிக்க மிஷனரிமார் உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பள்ளிக்கூடம் தொடங்கினபோது நோக்கத்தில ஒண்டு, வட்டுக்கோட்டைச் செமினரியில படிச்ச பெடியளுக்குப் படிச்ச கிறிஸ்தவ மனைவிமாரை உருவாக்குவது. பெண்ணுக்கு எழுத்தறிவு குடுத்தது மிகப்பெரிய காரியம், அதை ஆரும் மறுக்க ஏலாது. ஆனால் அந்த எழுத்தறிவு போய்ச் சேர வேண்டிய இடமாக அவை முதலில நினைச்சது ஒரு நல்ல கிறிஸ்தவ வீட்டைத்தான். அதே பள்ளிக்கூடங்களில படிச்சு ரீச்சராகவும் நேர்சாகவும் வெளிக்கிட்ட பெண்கள் அந்தத் திட்டத்தைத் தாங்களே மீறினவை.

கத்தோலிக்கத் திருச்சபையின்ர பக்கம் பாத்தால், எழுத்தில உள்ளது ஒரே மாதிரியாக இல்லை. 1931இல் பதினோராம் பத்திநாதர், அப்பாவின்ர சம்பளம் போதாததால் தாய் வெளியில உழைக்கப் போக வேண்டி வாறது ஒரு கொடுமை, அது நீங்க வேணும் எண்டு எழுதினார். ரெண்டாம் உலகப் போர் முடிஞ்ச கையோட, 1945 ஒக்ரோபரில் பன்னிரண்டாம் பத்திநாதர் இத்தாலியப் பெண்களைப் பார்த்துப் பொதுவாழ்வுக்கு வாருங்கோ எண்டு கூப்பிட்டார். அந்த வருசம்தான் அங்க பெண்களுக்கு வாக்குரிமை கிடைச்சது. அதே உரையில தாய் இல்லாமல் வெறிச்சோடின வீட்டைப் பற்றிக் கவலையும் பட்டார்.

அந்தப் போர் நடந்த நாடுகளில இதே நாடகத்தைப் பெரிய மேடையில ஆடினவை. ஆம்பிளையள் போர்முனைக்குப் போக, அமெரிக்காவும் பிரித்தானியாவும் தாய்மாரைத் தொழிற்சாலைக்குக் கூப்பிட்டன. ஆனால் கூப்பிட்டவை பிள்ளைக்கு இடமும் குடுத்தவை. பிரித்தானியாவில போர்க்காலப் பிள்ளைப் பராமரிப்பு நிலையங்கள் வந்தன. அமெரிக்காவில போர்ட்லண்டில கைசர் கப்பல் கட்டும் தளம் 1943இல் 24 மணித்தியாலமும் திறந்திருக்கிற பராமரிப்பு நிலையங்களை நடத்தினது. வேலை முடிஞ்சு போற தாய் அங்கேயே சமைச்ச இராச்சாப்பாட்டை வாங்கிக்கொண்டு போகலாம். சண்டை முடிய, 1946இல் அமெரிக்க மத்திய அரசு அந்தப் பராமரிப்புக்குக் குடுத்த காசை நிறுத்தினது. பெண்களே, வீட்ட போங்கோ, ஆம்பிளையள் வருகினம்.

எங்களுக்கு வித்தியாசம் ரெண்டு. ஒண்டு, எங்களைக் கூப்பிட்ட அரசாங்கம் கிடையாது. பொருளாதாரத் தடையும் குண்டும்தான் எங்கட தாய்மாரை வெளியில அனுப்பினது. ஆகவே பராமரிப்பு நிலையமும் இல்லை. அயலட்டைப் பெண்களும் அம்மம்மாமாரும், எங்கட வீட்டைப்போல சில இடங்களில கால் போன அப்பாமாரும்தான் அந்த நிலையம். ரெண்டாவது, சண்டை முடிஞ்சு கன வீடுகளுக்கு ஆம்பிளை திரும்பி வரேல்லை. வடக்கிலும் கிழக்கிலும் 89,000 விதவைகள் எண்டு 2010இல் ஒரு பிரதி அமைச்சர் சொன்னார். அதுக்குள்ள வராத இன்னொரு கூட்டம், புருசன் இருக்கிறாரோ இல்லையோ எண்டு தெரியாமல் படத்தோட ரோட்டில இருக்கிற பெண்கள். கிளிநொச்சியில 2017 பெப்ரவரியில தொடங்கின அந்த இருப்பை நீங்கள் எல்லாரும் கண்டிருப்பியள். அவையளைப் பார்த்து வீட்ட போங்கோ எண்டு சொன்னால், எந்த வீட்டுக்கு, ஆரின்ர சம்பளத்துக்கு?

1995க்கு வருவம். அந்த வருசம் ஜூன் 29 திகதியிட்டு இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் உலகப் பெண்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். தாய்க்கும் மனைவிக்கும் மகளுக்கும் நன்றி சொன்னதோட நிக்காமல், வேலை செய்கிற பெண்களுக்கும் தனியாக நன்றி சொன்னார். பத்து நாள் கழிச்சு, ஜூலை 9, நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில குண்டு விழுந்தது. இராணுவ நடவடிக்கைக்குப் பயந்து கோயிலில ஒதுங்கின சனத்தில நூற்றுக்கும் மேற்பட்ட ஆக்கள் செத்தவை. அந்த மாதம் வலிகாமத்தில பாப்பரசரின்ர கடிதம் வாசிக்கிற நிலைமையில ஆரும் இல்லை. அதை நான் குறையாகச் சொல்லேல்லை. ஆனால் அதற்குப் பிறகு முப்பது வருசம் கிட்ட ஆகுது. இன்னும் எங்கட பலிபீடத்தில இருந்து அந்த நன்றி வாசிக்கப்பட்டதை நான் கேக்கேல்லை.

அப்பாவுக்கும் ஒரு வரி இருக்கு. 2016இல் பிரான்சிஸ் பாப்பரசர் குடும்பத்தைப் பற்றி எழுதின மடலில், வீட்டுவேலையும் பிள்ளை வளர்ப்பும் செய்கிறதால ஒரு ஆம்பிளையின்ர ஆண்மை குறைஞ்சுபோகாது எண்ட கருத்தில எழுதியிருக்கிறார். அப்பா அதுக்கு ரெண்டு வருசம் முன்னம் மோசம் போனார். செத்தவீட்டில பாதர் அப்பாவைப் பற்றி, கஸ்ரத்திலும் குடும்பத்தைத் தலைமை தாங்கி நடத்தினவர் எண்டு சொன்னார். அக்கா என்னைப் பார்த்தா. அவர் தலை பின்னினவர். அது இன்னும் பெரிய விசயம், ஆனால் பெட்டிக்குப் பக்கத்தில வைச்சுச் சொல்லக்கூடிய விசயமாக எங்களுக்கே தோன்றவில்லை.

இப்ப அக்காவுக்குப் பிள்ளை இருக்கு, அக்கா பிரதேச செயலகத்தில வேலை. கலியாணத்துக்கு முன்னம் ஆயத்த வகுப்புக்குப் போனபோது, பிள்ளை பிறந்தால் வேலையை என்ன செய்யப்போறியள் எண்டு அக்காவிடம் கேட்டவை. அத்தானிடம் கேட்கேல்லை. அத்தானும் அதே கட்டடத்தில, அதே பதவியில வேலை செய்கிறவர். முன்பள்ளி பன்னிரண்டு மணியோட முடியும். அலுவலகம் நாலேகால். நடுவில இருக்கிற நாலேகால் மணித்தியாலத்தை முழங்கால் நோவோட இருக்கிற அறுபத்திமூண்டு வயது அம்மா நிரப்புறா. அவவின்ர ரெண்டாவது பராமரிப்பு வேலை இது, இதுக்கும் சம்பளம் இல்லை.

கோயிலுக்குப் பக்கத்தில பங்கு மண்டபம் இருக்கு. பாண்டும் கதிரையும் வாடகைக்குப் போற நாள் தவிர, கிழமை நாளில பூட்டிக் கிடக்கும். விசிறி இருக்கு, தண்ணி இருக்கு, மலசலகூடம் இருக்கு. பிள்ளையள் போனோட வளருகினம் எண்டு கவலைப்படுகிற பங்கு, பன்னிரண்டில இருந்து அஞ்சு வரைக்கும் அந்த மண்டபத்தைத் திறந்து, ரெண்டு பேருக்குச் சம்பளம் குடுத்து, பிள்ளையளைப் பாக்கலாம். அருட்பணிச் சபைக் கூட்டத்தில கேட்டுப் பாத்தன். "அப்பிடித் தொடங்கினால் எல்லாத் தாயும் விட்டுப்போட்டுப் போயிடும் தம்பி" எண்டு ஒரு ஐயா சொன்னார். எங்க போயிடுவினம்? வேலைக்குத்தான் ஐயா, ஏற்கெனவே போகினம்.

அரசாங்கமும் இதே மனநிலைதான். 2013இல் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போற பெண்களுக்குக் குடும்பப் பின்னணி அறிக்கை எண்டு ஒண்டைக் கொண்டுவந்தவை. அஞ்சு வயதுக்குக் குறைஞ்ச பிள்ளையின்ர தாய் போக ஏலாது. 2022இல் டொலர் இல்லாமல் போக அதைத் தளர்த்தினவை. தாய்மையின்ர புனிதத்துக்கும் அந்நியச் செலாவணிக்கும் என்ன தொடர்பு எண்டு நீங்களே யோசிச்சுப் பாருங்கோ. ரெண்டு திகதியிலும் தகப்பனைப் பற்றி ஒரு படிவமும் இல்லை.

காணி விசயத்தையும் சொல்லாமல் விட ஏலாது. சங்கக்கடைச் சம்பளமும் தையல் காசும் சேர்த்து அம்மா ரெண்டு பரப்புக் காணி வாங்கினா, அவவின்ர பெயரிலதான். அக்காவின்ர கலியாணத்துக்காக அதை விற்க வெளிக்கிட்டபோது நொத்தாரிசு சொன்னார், புருசனின்ர கையெழுத்து வேணும் எண்டு. தேசவழமைப்படி, 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ், மனைவி அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின்ர எழுத்துமூலச் சம்மதம் தேவை. தன்ர சொத்தை விற்கப் புருசனுக்கு அப்படி ஒரு நிபந்தனை இல்லை. அப்பா உடன கையெழுத்துப் போட்டார், வெட்கப்பட்டுக்கொண்டு போட்டார். கையெழுத்துப் போட ஆள் காணாமல் ஆக்கப்பட்டிருந்தால்? மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் அனுமதி கேட்க வேணும். சண்டை முழுக்கத் தனியாகக் குடும்பத்தை இழுத்த பெண், தான் வாங்கின காணியைத் தொட நீதவானிடம் கேட்க வேணும். வடமாகாணத்துக் கிறிஸ்தவத் தமிழருக்கும் இதே சட்டம்தான். இதைப் பற்றியும் மறையுரை இல்லை.

நான் வாசிச்ச வாசகத்துக்குத் திரும்புறன். அண்டைக்கு மத்தியானம் வேதாகமத்தை எடுத்து அந்தப் பகுதியை முழுக்கப் பார்த்தன். 10இல் இருந்து 31 வரை, 22 வசனங்கள். வழிபாட்டு வாசகப் புத்தகத்தில இருக்கிறது 10–13, 19–20, 30–31. எட்டு வசனம். அந்த எட்டில அவ நல்லவ, நூல் நூற்கிறா, ஏழைக்குக் குடுக்கிறா, கடவுளுக்குப் பயப்படுகிறா. விட்டுப்போன 14இல்தான் மற்றதெல்லாம் கிடக்கு: விடிய முன்னம் எழும்பிச் சாப்பாடு பாக்கிறா, நிலத்தைப் பார்த்து மதிப்பிட்டு வாங்குகிறா, தன்ர உழைப்பில தோட்டம் வைக்கிறா, வியாபாரத்தில இலாபம் காண்கிறா, உடுப்புத் தைச்சு விக்கிறா, அவவின்ர விளக்கு இரவிலும் அணையிறதில்லை. புருசன் ஊர்வாசலில பெரியாக்களோட இருக்கிறார். எங்கட அப்பாவின்ர கதிரைக்கும் அதில ஒரு வசனம் இருக்கு.

சதி எண்டு நான் சொல்ல வரேல்லை. ஞாயிறு வாசகம் நீளக்கூடாது, ஆரோ ஒரு குழு வெட்டியிருக்கும். ஆனால் வெட்டேக்க எது தேவையில்லை எண்டு தோன்றினது எண்டதைப் பாருங்கோ. நூற்கிறது நிண்டுது, விக்கிறது போச்சுது.

அம்மாவைக் கூப்பிட்டு அந்த 14 வசனத்தையும் சத்தமாக வாசிச்சுக் காட்டினன். மடியில பேரப்பிள்ளை நித்திரை. நிலம் வாங்குகிற இடம் வர, "எத்தினை பரப்பாம்?" எண்டு கேட்டா.

மூண்டு வருசத்துக்கு ஒருக்காத்தான் அந்த வாசகம் வரும். அடுத்தது 2026 நவம்பர் 15. முழுதாக வாசிக்க விடுவியளோ எண்டு பாதரிட்டக் கேட்டிருக்கிறன். யோசிச்சுச் சொல்லுறன் எண்டவர். மண்டபத்துச் சாவியைப் பற்றியும் கேட்டனான், அதுக்கு இன்னும் பதில் இல்லை.